இரத்தப் புற்றுநோயும் சென்னையில் தொடங்கிய வழக்கும்

புற்றுநோய் என்ற சொல் செவியில் விழுந்த மாத்திரத்தில் நெஞ்சம் துணுக்குறாதார் இலர். ஆயினும் அந்நோய் வகைகளுள் ஒன்று, நாள்தோறும் உண்ணும் மாத்திரையினால் பலருக்கு அடங்கி நிற்கிறது. அம்மாத்திரை எளியோர்க்கும் எட்டியதில் சென்னையில் தொடங்கிய வழக்கொன்றுக்குப் பெரும் பங்குண்டு. இவ்வரலாற்றைப் புனேவாழ் தமிழன்பர்கள் அறிந்திருத்தல் நலம்.

உயிரணு எப்போது பெருகவேண்டும், எப்போது ஓயவேண்டும் என்னும் கட்டளைகளைக் கொண்டு செல்வனவற்றுள் 'கைனேஸ்' என்னும் புரதங்கள் தலையாயவை. இவை ஏ.டி.பி. என்ற எரிபொருளிலிருந்து பாஸ்பேட்டை எடுத்து வேறொரு புரதத்தின்மீது பொருத்தி, அதனை ஏவுகின்றன, அல்லது அடக்குகின்றன. மனித உடலில் இத்தகையவை 500-க்கும் மேற்பட்டன.

நாட்பட்ட மைலாய்டு லுக்கீமியா என்னும் இரத்தப் புற்றுநோயில் நிகழ்வது யாது? 1960-இல் நோவெல், ஹங்கர்போர்டு என்னும் இரு அமெரிக்க அறிஞர்கள், நோயாளிகளின் அணுக்களில் குறுகிய குரோமோசோம் ஒன்றைக் கண்டனர். 9-ஆவது, 22-ஆவது குரோமோசோம்கள் தம்முள் துண்டுகளை மாற்றிக்கொண்டதே அதன் காரணம் என்று 1973-இல் ஜேனட் ரௌலி அம்மையார் விளக்கினார். அம்மாற்றத்தினால் தோன்றும் கைனேஸ் ஓய்வென்பதை அறியாது. மூடாத குழாயினால் தொட்டி வழிவதுபோல் வெள்ளணுக்கள் பெருகுகின்றன. இமாட்டினிப் என்ற மருந்து, ஏ.டி.பி. அமரவேண்டிய இடத்தில் தான் அமர்ந்து அக்கைனேஸை அடக்குகிறது. 2001 மே மாதத்தில் அமெரிக்காவில் இதற்கு ஒப்புதல் கிடைத்தது.

மருந்து வந்தது, விலையோ மலைபோல் நின்றது. நொவார்ட்டிஸ் நிறுவனத்தின் மருந்துக்கு மாதம் சுமார் 1,20,000 ரூபாய். இந்திய நிறுவனங்கள் செய்ததற்குச் சுமார் 8,000 முதல் 10,000 ரூபாய். நொவார்ட்டிஸ் பல நோயாளிகளுக்கு இலவசமாகவும் வழங்கியது என்பதையும் கூறவேண்டும். அந்நிறுவனம் இம்மருந்தின் ஒரு படிக வடிவுக்கு 1998-இல் சென்னைக் காப்புரிமை அலுவலகத்தில் உரிமை கோரியது. 2006-இல் அது மறுக்கப்பட்டது. வழக்கு உச்சநீதிமன்றம் வரை சென்றது. அறிந்த பொருளின் புதிய வடிவம் நோய் தீர்க்கும் ஆற்றலில் மிகுந்திருந்தாலன்றி உரிமை இல்லை என்னும் சட்டப்பிரிவின்படி, 2013 ஏப்ரல் 1-ஆம் நாள் நிறுவனத்தின் மேல்முறையீடு தள்ளுபடியாயிற்று. மலிவான மருந்து தொடர்ந்து கிடைக்க வழி பிறந்தது.

இனி, நம் கடமை யாது? இம்மாத்திரை எல்லாப் புற்றுநோய்க்கும் உரியதன்று. உரியவர்களும், உடல் தேறிவிட்டதென்று தாமே நிறுத்தலாகாது. நிறுத்தினால் நோய் மீண்டும் தலைதூக்கலாம். சிலருக்குக் கைனேஸே உருமாறி மருந்துக்கு இணங்காமற்போவதும் உண்டு. அவர்களுக்கு வேறு மாத்திரைகள் உள்ளன. ஆதலின் மருத்துவர் குறித்த காலத்தில் இரத்தப் பரிசோதனை இன்றியமையாதது. பொங்கலுக்கோ திருமணத்திற்கோ ஊர் செல்வோர், திரும்பும் நாள்வரைக்கும் போதிய மாத்திரைகளையும் மருத்துவச் சீட்டையும் உடன் கொண்டு செல்லுதல் வேண்டும். மராத்தியோ இந்தியோ அறியாத முதியோர் மருத்துவமனை செல்லுங்கால், மொழியறிந்த அண்டை வீட்டார் துணை செல்வதும் ஓர் அறமே. அறிஞர் கண்டதும் நீதிமன்றம் காத்ததும் ஆகிய மருந்து, ஒரு வேளையும் தவறாமல் நோயாளியின் கையைச் சேரச் செய்வது வீட்டார் கடன்.