ஒரே பெயரில் இரண்டு ராணிகள்: தங்கவயலுக்கு கரண்ட் வந்தபோது ஆட்சியில் இருந்தது யார்?

'கிருஷ்ணராஜ உடையாரின் தாய், மகாராணி கெம்பநஞ்சம்மண்ணி'. மைசூர் அரச குடும்பம் பற்றிய ஒரு எக்செல் ஷீட்டில் இப்படி ஒரு வரி இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆள் பெயர் இருக்கு, மகன் பெயர் இருக்கு, வேறென்ன வேணும்?

சிக்கல் என்னவென்றால், அந்த வரி இரண்டு பெண்களுக்குப் பொருந்தும். ஒருவர், 1794-ல் பிறந்த மூன்றாம் கிருஷ்ணராஜ உடையாரின் தாய். இன்னொருவர், 1884-ல் பிறந்த நான்காம் கிருஷ்ணராஜ உடையாரின் தாய். மகன்களுக்கு 'மூன்றாம்', 'நான்காம்' என்று எண் போட்டார்கள். தாய்மார்களுக்குப் போடவில்லை.

உங்கள் தாத்தாவோ பாட்டியோ கோலார் தங்கவயல்காரர் என்றால், இதில் இரண்டாமவரை நீங்கள் தெரிந்துகொள்ள ஒரு தனிக் காரணம் உண்டு.

39 நாள் கணக்கு

1894 டிசம்பரில் பத்தாம் சாமராஜேந்திர உடையார் கல்கத்தாவில் இறந்தார். மூத்த மகனுக்கு அப்போது 10 வயது. அரியணையில் உட்கார்ந்தது சிறுவன். அவன் சார்பாக 1895 முதல் ஆட்சிப் பொறுப்பை ஏற்றது தாய் கெம்பநஞ்சம்மண்ணி.

சிவசமுத்திரத்தில் காவிரியிலிருந்து மின்சாரம் எடுத்து, ஏறத்தாழ 92 மைல் தள்ளியிருந்த தங்கச் சுரங்கங்களுக்கு அனுப்பும் திட்டம் நிறைவேறியது இந்த ஆண்டுகளில்தான். மின்சாரம் பாயத் தொடங்கிய நாள் 1902 ஜூன் 30. பெங்களூருவில் மின்விளக்கு எரிய 1905 ஆகஸ்ட் வரை காத்திருக்க வேண்டியிருந்தது. தலைநகரை விட முந்திக்கொண்டது தங்கவயல்!

மகன் முழு அதிகாரம் பெற்றது 1902 ஆகஸ்ட் 8. அதாவது, கரண்ட் வந்து 39 நாள் கழித்து. திட்டம் உருவானதிலிருந்து ஸ்விட்ச் போட்டது வரை, ராஜ்யத்தின் பொறுப்பில் இருந்தது ஒரு பெண்.

நியாயமாகச் சொல்ல வேண்டும்: மின் நிலையத்தை அவர் வடிவமைக்கவில்லை. அந்தப் பெருமை பொறியாளர் ஜோலி டி லோட்பினியருக்கும், திட்டத்துக்குப் பின்னால் நின்ற திவான் சேஷாத்ரி ஐயருக்கும் உரியது. நிர்வாகத்தை நடத்தியது திவான் தலைமையிலான கவுன்சில். ஆனால் இதே அளவுகோலை ஆண் அரசர்களுக்கு நாம் வைப்பதில்லையே? அணை கட்டினால் 'மன்னர் கட்டினார்' என்றுதானே எழுதுகிறோம்.

தங்கவயலில் இறங்கினால் ராபர்ட்சன்பேட்டை வரும். அதே காலத்தில் மைசூரில் பிரிட்டிஷ் ரெசிடென்டாக இருந்த டொனால்ட் ராபர்ட்சனின் பெயர் அது. ரெசிடென்ட் பெயருக்கு ஒரு பேட்டையே இருக்கிறது.

ராணி முழுக்க மறக்கப்படவும் இல்லை. பெங்களூரு வாணி விலாஸ் மருத்துவமனை உங்களுக்குத் தெரிந்திருக்கும். சித்ரதுர்கா மாவட்டத்தில் வாணி விலாச சாகர் அணை இருக்கிறது. இரண்டும் அவர் பெயர்தான். 'வாணி விலாச சன்னிதானம்' என்பது அவரது பட்டம். ஆக, இயற்பெயரில் தேடினால் இன்னொரு ராணியோடு கலந்துவிடுகிறார். பட்டப்பெயரில் தேடினால் கட்டடங்கள்தான் வருகின்றன.

இங்கிலாந்தில் இதைவிடக் குழப்பம்

இது நம்மூர்ப் பழக்கம் மட்டும் இல்லை. 12-ம் நூற்றாண்டு இங்கிலாந்தைப் பாருங்கள். முதலாம் ஹென்றியின் தாய் மட்டில்டா. மனைவி மட்டில்டா, அவர் இயற்பெயர் ஈடித், ராணியானதும் மாறியது. மகள் மட்டில்டா. ஹென்றிக்குப் பின் அரியணையைப் பிடித்த ஸ்டீபனின் மனைவியும் மட்டில்டா!

1141-ல் மகள் மட்டில்டாவின் படை ஸ்டீபனைச் சிறைபிடித்தது. அவர் முடிசூடத் தயாரானபோது லண்டனிலிருந்து விரட்டியது ஸ்டீபனின் மனைவி மட்டில்டாவின் தரப்பு. பிறகு எதிர்த்தரப்பின் முக்கியத் தளபதியைப் பிடித்து, அவருக்கு மாற்றாகத் தன் கணவரை மீட்டார். போரின் திருப்புமுனையே மட்டில்டா எதிர் மட்டில்டாதான்.

இவர்களை எப்படிப் பிரித்துச் சொல்கிறார்கள்? ஸ்காட்லாந்து மட்டில்டா, பூலோன் மட்டில்டா என்று பிறந்த ஊரை, குடும்பத்தை வைத்து. மகள் மட்டில்டாவுக்கு, ஜெர்மானியப் பேரரசரை முதலில் மணந்ததால் 'பேரரசி' என்ற அடைமொழி. எண் கிடைப்பது சொந்த உரிமையில் ஆண்ட மேரி, எலிசபெத் போன்றவர்களுக்கு மட்டும். எட்டாம் ஹென்றிக்கு மூன்று மனைவியர் கேத்தரின் என்ற பெயரில் இருந்தார்கள். ஒருவருக்கும் எண் இல்லை.

சரி, இது உங்களை எங்கே தொடுகிறது?

தமிழ்நாட்டில் 2025 நவம்பரில் வாக்காளர் பட்டியல் சிறப்புத் தீவிரத் திருத்தம் தொடங்கியபோது, 20 வருடப் பழைய பட்டியலில் அம்மா பெயரைத் தேடியவர்களில் நீங்களும் ஒருவரா? அப்படியென்றால் ராணி விவகாரம் உங்கள் வீட்டிலேயே நடந்திருக்கிறது. ஒரே பாகத்தில் நாலு மேரி, ஆறு லட்சுமி. பள்ளிச் சான்றிதழில் அப்பா இனிஷியல். கல்யாணத்துக்குப் பின் கணவர் இனிஷியல். உறவினர் பெயர் என்ற இடத்தில் ஒரு பட்டியலில் தந்தை, இன்னொன்றில் கணவர். ஆண்களுக்குப் பெரும்பாலும் ஒரே இனிஷியல்தான் ஆயுள் முழுக்க.

தங்கவயல் குடும்பங்களுக்கு இன்னொரு அடுக்கும் சேரும். சுரங்கம் 2001 பிப்ரவரி 28-ல் மூடப்பட்டது. பிழைப்புக்கு வெளியூர் போனவர்களின் காகிதங்களில் ஊர் மாறுகிறது, மாநிலம் மாறுகிறது. தமிழ்ப் பெயர் கன்னடத்திலும் ஆங்கிலத்திலும் எழுதப்படும்போது எழுத்தும் மாறுகிறது.

டேட்டா வேலையில் நாங்கள் கடைப்பிடிக்கும் முதல் விதி: பெயரை வைத்து இரண்டு பட்டியல்களை இணைக்காதே, எண்ணை வைத்து இணை. அம்மாவின் பழைய வாக்காளர் அட்டை பீரோவில் கிடந்தால் தூக்கிப் போடாதீர்கள். அதில் இருக்கும் எண்களை எல்லாம் போட்டோ எடுத்து வையுங்கள். கூடவே, அவர் பெயர் எந்தெந்த ஆவணத்தில் எந்த இனிஷியலோடு இருக்கிறது என்று ஒரு தாளில் எழுதி வையுங்கள். அம்மாவையே பக்கத்தில் உட்கார வைத்துக் கேட்டால் அரை மணி நேர வேலை.