என் தூக்கத்துக்கு 61 மார்க்

போன வருடம் நான் வேலை செய்யும் தொழிற்சாலையில் எச்.ஆர். ஆட்கள் ஒரு தூக்கப் போட்டி வைத்தார்கள். விளையாட்டுக்குச் சொல்லவில்லை, நிஜமாகத்தான். ஆளுக்கொரு கைக்கடிகாரம் கொடுத்தார்கள். அதை முப்பது நாள் கட்டிக்கொண்டு தூங்க வேண்டும். சராசரி மார்க் அதிகம் எடுப்பவருக்கு 200 வெள்ளி வவுச்சர். நான் எடுத்தது 61. முதல் பரிசு வாங்கியவர் கணக்குப் பிரிவில் காலை எட்டரைக்கு வந்து மாலை ஐந்தரைக்குக் கிளம்புகிறவர்.

நான் பாயான் லெப்பாஸில் பொறியாளர். இரண்டு வாரம் பகல், இரண்டு வாரம் இரவு. ஏழிலிருந்து ஏழு. இரவு ஷிப்ட் முடிந்து வந்து, ஜன்னல் திரையை இழுத்துவிட்டு ஒன்பது மணிக்குப் படுத்தால் இரண்டு மணிக்கு முழிப்பு வந்துவிடும். அந்த ஐந்து மணிநேரத்தைக் கடிகாரம் ‘குட்டித் தூக்கம்’ என்று பதிந்துவிட்டு, நேற்றிரவு நான் தூங்கவே இல்லை என்று வருத்தப்படும். பிறகு ஆலோசனை வேறு: இன்றிரவு சீக்கிரம் படுங்கள். எங்கே படுப்பது, மெஷினுக்கு அடியிலா?

கோபத்தைக் கொஞ்சம் தள்ளிவைத்துவிட்டு இந்தக் கருவி என்னதான் செய்கிறது என்று பார்ப்போம். கடிகாரத்தின் அடியில் ஒரு பச்சை விளக்கு இருக்கிறது. ரத்தம் பச்சை ஒளியை நன்றாக உறிஞ்சும். ஒவ்வொரு துடிப்பிலும் தோலுக்கடியில் ரத்தம் கூடிக் குறையும்போது திரும்பி வரும் ஒளியும் மாறுகிறது. அதிலிருந்து நாடித்துடிப்பு கிடைக்கிறது. கை அசைவதை இன்னொரு சென்சார் பார்க்கிறது. பெரும்பாலும் அதனிடம் உள்ள சாட்சியம் அவ்வளவுதான். ஆனால் ஆழ்ந்த தூக்கம், கனவுத் தூக்கம் என்ற பிரிவுகள் மூளை அலைகளை வைத்து வகுக்கப்பட்டவை. தூக்க ஆய்வுக்கூடத்தில் தலையிலும் கண்ணோரத்திலும் தாடையிலும் ஒயர் ஒட்டி, இரவு முழுக்க முப்பது முப்பது விநாடியாகப் பிரித்துப் பார்த்துத்தான் அதைச் சொல்வார்கள். கடிகாரமோ மணிக்கட்டில் உட்கார்ந்துகொண்டு மூளையை ஊகிக்கிறது. மொத்தமாக எவ்வளவு நேரம் தூங்கினோம் என்பதை ஓரளவு சொல்லிவிடும். ஆனால் வீட்டுக்கடனை நினைத்தபடி அசையாமல் கிடக்கிறவனையும் ‘லேசான தூக்கம்’ என்று எழுதிவிடும். ஊகிப்பதில்கூட எனக்குக் குறை இல்லை. அதை ‘ஆழ்ந்த தூக்கம் 42 நிமிடம்’ என்று நிமிடச் சுத்தமாகப் போடுவதுதான் உறுத்துகிறது. பிழை வரம்பு போடாமல் நான் ஒரு அளவீட்டு ரிப்போர்ட் கொடுத்தால் மேனேஜர் திருப்பிக் கொடுத்துவிடுவார்.

இந்த எண்ணைச் சரிப்படுத்தும் கவலையிலேயே தூக்கம் கெடுகிறது. 2017இல் அமெரிக்க ஆய்வாளர்கள் இதற்கு ஆர்த்தோசோம்னியா என்று பெயரே வைத்தார்கள். எனக்கும் அதுதான் நடந்தது. பகல் ஷிப்ட் வாரங்களில், நன்றாகத்தான் எழுந்திருப்பேன். போனில் 58 என்று பார்த்ததும் உடம்பு வலிக்க ஆரம்பிக்கும். அம்மா ஒருநாள் கேட்டார்: “டேய், தூங்குனியா இல்லையான்னு உனக்கே தெரியாதா? அதைப் பார்த்துட்டுத்தான் சொல்வியா?” அம்மாவும் இருபது வருடம் தொழிற்சாலை பஸ்ஸில் போய் வந்தவர்தான்.

நியாயமாக ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். தூக்கத்தில் மூச்சு நின்று நின்று வரும் கோளாறுக்கான அறிகுறியைப் பிடிக்க, சாம்சங், ஆப்பிள் கடிகாரங்களுக்கு 2024இல் அமெரிக்க எஃப்.டி.ஏ. அனுமதி கொடுத்தது. பலமாகக் குறட்டை விடுகிற மாமா ஒருவர் அந்த எச்சரிக்கையைப் பார்த்து டாக்டரிடம் போனால் நல்லதுதான். அது ஒரு நோயைத் தேடுகிற வேலை. தூக்கத்துக்கு மார்க் போடுவது வேறு.

பினாங்கில் தூக்கத்தைப் பற்றிப் பேச வேண்டுமென்றால் முதலில் சுவர்க் கடிகாரத்தைப் பற்றிப் பேசுங்கள். 1982 ஜனவரி 1 அன்று தீபகற்ப மலேசியா தன் நேரத்தை அரைமணி முன்னால் தள்ளி சபா, சரவாக் நேரத்தோடு சேர்த்துக்கொண்டது. அதிலிருந்து இந்தத் தீவில் சூரியன் உச்சிக்கு வருவது ஒன்றேகால் மணி வாக்கில். வருடத்தில் ஒரு நாள்கூட ஏழு மணிக்கு முன்னால் இங்கே சூரியன் உதிப்பதில்லை. ஏறக்குறைய இதே தீர்க்கரேகையில் இருக்கிற ஹட்யாயில் கடிகாரம் ஒரு மணிநேரம் பின்னால் ஓடுகிறது. ஏழரை மணிப் பள்ளிக்கு இருட்டில் எழுப்பப்படும் பிள்ளையும், ஏழு மணி ஷிப்டுக்கு ஐந்து மணிக்கு பஸ் ஏறும் பெண்ணும் இந்தக் கணக்கில் தூக்கத்தை இழக்கிறார்கள். எந்த ஆப்பும் அதைப் பற்றி வாய் திறக்காது. ‘உங்கள் பழக்கத்தை மாற்றுங்கள்’ என்று மட்டும் சொல்லும்.

அடுத்தது ஷிப்ட். இரவு ஷிப்ட் வேலை புற்றுநோய்க்குக் காரணமாக இருக்கக்கூடும் என்று உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 2007இல் வகைப்படுத்தியது. 2019இல் மறுபடி பரிசீலித்தும் அதே முடிவுக்குத்தான் வந்தது. நம் ஊர் வேலைச் சட்டம் 2023 முதல் வாரத்துக்கு 45 மணிநேரம் என்கிறது. ஆனால் ஷிப்ட் ஆட்களுக்கு அதை மூன்று வாரச் சராசரியாகக் கணக்கிடலாம், ஒரு நாளைக்குப் பன்னிரண்டு மணிநேரம் வரை வேலை வாங்கலாம். உடம்பு மூன்று வாரச் சராசரியில் தூங்குவதில்லை.

1972இல் பாயான் லெப்பாஸ் தொழில் வட்டாரத்துக்கு வந்த முதல் எட்டு கம்பெனிகளில் லிட்ரோனிக்ஸ் ஒன்று. எல்.இ.டி. செய்த கம்பெனி. 2017இல் பக்கத்தில் கூலிமில் ஓஸ்ராம் எல்.இ.டி. சிப் தொழிற்சாலை திறந்தது. என் கடிகாரத்தின் பச்சை விளக்கு எந்த ஊரிலிருந்து வந்தது என்று நான் பிரித்துப் பார்க்கவில்லை. எங்கிருந்து வந்தாலும் சிப் தொழில் இரவில் நிற்காது. யாரோ முழித்திருந்து செய்ததுதான், நான் தூங்கினேனா என்று பார்க்கிறது.

போட்டி முடிந்ததும் கருத்துப் படிவம் கொடுத்தார்கள். ஷிப்ட் அட்டவணையை இரண்டு மாதம் முன்னதாகவே கொடுங்கள் என்று எழுதினேன். இரவு ஷிப்ட் முடித்தவனைக் காலை பத்து மணி மீட்டிங்குக்கு இழுக்காதீர்கள், இடைவேளையில் இருபது நிமிடம் சாய ஒரு இருட்டறை கொடுங்கள் என்றும் எழுதினேன். வாட்ச் செலவைவிட இது மலிவு என்று கணக்கும் போட்டுக் காட்டினேன். பதில் வரவில்லை. போன வாரம் நோட்டீஸ் போர்டில் இரண்டாம் சுற்று அறிவிப்பு ஒட்டியிருந்தது. அது தொடங்கும் திங்கட்கிழமை எனக்கு இரவு ஷிப்ட்.