கொட்டை எழுத்தில் வரும் பயம்

அன்னையர் தினம் வந்தால் போதும், லேப் விளம்பரங்கள் கிளம்பிவிடுகின்றன. அம்மாவுக்குப் புடவை என்ன புடவை, எண்பது டெஸ்ட் எடுத்துக் கொடுங்கள், அதுதான் நிஜமான பாசம் என்கிறார்கள். பாதி விலை வேறு.

வெளியூரில் இருக்கும் பிள்ளைகளுக்கு இது ரொம்ப சௌகரியம். பக்கத்தில் இல்லையே என்ற உறுத்தலுக்கு ஒரு ரசீது கிடைக்கிறது. ஆனால், மறுநாள் செல்போனில் ரிப்போர்ட் வரும் பாருங்கள்... எழுபத்தாறு வரி நார்மல், நாலு வரி கொட்டை எழுத்தில். அந்த நாலையும் தூக்கிக்கொண்டு ராத்திரி ஒரு மணிக்கு கூகுளில் உட்கார்ந்தால், விடிவதற்குள் அம்மாவுக்கு இல்லாத வியாதியெல்லாம் வந்துவிடும். அம்மா என்னவோ குறட்டை விட்டுத் தூங்கிக்கொண்டிருப்பார்!

நிம்மதி என்று லேபிள் ஒட்டி பயத்தை விற்கிறார்கள் என்பதுதான் என் குற்றச்சாட்டு.

கணக்கைப் பாருங்கள். பல டெஸ்ட்களில் 'நார்மல்' என்பது, ஆரோக்கியமானவர்களில் 95 சதவிகிதம் பேரின் அளவு எதற்குள் அடங்குகிறதோ அதுதான். மிச்சம் 5 சதவிகிதம் பேரும் ஆரோக்கியமானவர்களே! ஆக, ஒன்றுக்கொன்று தொடர்பில்லாத 20 டெஸ்ட் எடுத்தால், ஒரு வியாதியும் இல்லாதவருக்கே ஏதாவது ஒன்று பிசகாக வருவதற்கு 64 சதவிகித வாய்ப்பு. எண்பதுக்குக் கேட்கவே வேண்டாம். இதை ரிப்போர்ட்டின் தலையில் கொட்டை எழுத்தில் போடலாமே, ஏன் போடுவதில்லை?

தென் கொரியாவில் 1999-ல் அரசு புற்றுநோய் பரிசோதனைத் திட்டம் கொண்டுவந்தது. அதில் தைராய்டு கிடையாது. 'கொஞ்சம் காசு சேர்த்துக் கொடுங்க, கழுத்தையும் ஸ்கேன் பண்ணிடலாம்' என்று ஆஸ்பத்திரிகள் ஆரம்பித்தன. 2011-ல் தைராய்டு புற்றுநோய் என்று கண்டுபிடிக்கப்பட்ட விகிதம், 1993-ல் இருந்ததைவிட 15 மடங்கு! அதனால் செத்தவர்கள் விகிதம்? அப்படியேதான் இருந்தது. ஒரு தொந்தரவும் செய்யாமல் கிடந்திருக்கும் கட்டிக்காக எத்தனையோ பேர் கழுத்தை அறுத்துக்கொண்டு, ஆயுசுக்கும் மாத்திரை விழுங்குகிறார்கள்.

'அப்ப டெஸ்ட்டே வேணாமா?' என்று சண்டைக்கு வராதீர்கள். பிபி, சுகர் கட்டாயம் பார்க்கணும். தமிழ்நாட்டில் 2021-ல் ஆரம்பித்த 'மக்களைத் தேடி மருத்துவம்' வீட்டுக்கே வந்து முக்கியமாகப் பார்ப்பதும் அந்த இரண்டைத்தான். மார்பகம், கர்ப்பப்பை வாய்ப் பரிசோதனைக்கும் தக்க காரணம் இருக்கிறது. கட்டி தெரிந்தாலோ, காரணமில்லாமல் எடை குறைந்தாலோ டாக்டரிடம் ஓடத்தான் வேண்டும். எந்த டெஸ்ட் என்பதை அம்மாவைத் தெரிந்த டாக்டர் சொல்லட்டும், தள்ளுபடி கூப்பன் சொல்ல வேண்டாம்.

இந்தக் கவலைக்கு ஒரு குணம் உண்டு. டெஸ்ட்டைத் தீனியாகப் போட்டால் ரெண்டு நாள் படுத்திருக்கும்; மூணாம் நாள் மறுபடி பசி எடுக்கும். 2020, 21-ல் ஆக்ஸிமீட்டரை அப்பா விரலில் மணிக்கு ஒரு தரம் மாட்டிவிட்ட வீடுகளுக்கு இது நன்றாகத் தெரியும். இதில் நஷ்டம் பணம் மட்டும் என்றால் போகட்டும் என்று விட்டுவிடலாம். தினம் மூணு தடவை போன் போட்டு, 'மாத்திரை போட்டியா, தலை சுத்துதா' என்று குறுக்கு விசாரணை செய்கிற பிள்ளையிடம், நிஜமாகவே தலை சுற்றுகிற அன்றைக்கு அம்மா வாயைத் திறப்பாரா? 'சொன்னா பயந்துடுவான்' என்று முழுங்கிவிடுவார். பிள்ளைக்குத் தெரியும்போது கீழே விழுந்து இடுப்பு எலும்பு முறிந்திருக்கும்.

எண்பது டெஸ்ட் காசில் பாத்ரூம் சுவரில் ஒரு கைப்பிடி மாட்டலாம். போனில் சுகர் அளவுக்குப் பதிலாகப் பக்கத்து வீட்டு வம்பைக் கேட்கலாம். அப்படியும் தூக்கம் வராமல் நெஞ்சு படபடக்கிறதா? அது உங்களுக்குப் பார்க்க வேண்டிய விஷயம், அம்மாவுக்கு அல்ல. 2022-ல் மத்திய அரசு தொடங்கிய டெலி மானஸின் நம்பர் 14416. காசு கிடையாது, தமிழிலேயே பேசலாம். ரத்தம் எடுக்க ஆள் அனுப்ப மாட்டார்கள்.