மூன்று சமர்களும் ஒரு போரும்

யாழ்ப்பாணக் குடாநாட்டுக் கல்லூரிகளுக்குச் சமர்கள் பல உள. சென். ஜோன்ஸ் கல்லூரியும் மத்திய கல்லூரியும் பொருதுவது வடக்கின் பெருஞ்சமர், சென். பற்றிக்ஸ் கல்லூரியும் வட்டுக்கோட்டை யாழ்ப்பாணக் கல்லூரியும் பொருதுவது பொன் அணிகளின் சமர். யாழ் இந்துவும் கொக்குவில் இந்துவும் பொருதுவது இந்துக்களின் சமர். இவற்றுள் மூத்ததன் வரலாறு 1904 ஆம் ஆண்டிலே தொடங்குகின்றது. எந்த ஆண்டில் எவர் தலைமை தாங்கினார், எவர் சதம் அடித்தார், எவ்வணி வென்றது என்பன தலைமுறை தலைமுறையாகப் பேணப்பட்டு வருகின்றன. துடுப்பும் பந்தும் கொண்டு நிகழ்ந்த சமர்களுக்கு இத்துணை நுணுக்கமாகக் கணக்கெழுதிய நம் கல்லூரிகள், உண்மையான போர் ஒன்று மதிலைத் தகர்த்துக்கொண்டு உள்ளே புகுந்த காலத்தில் தம் பழைய மாணவர் யாது செய்தனர், யாது ஆயினர் என்பதற்கு எந்த ஏட்டினை வைத்திருக்கின்றன? இதுவே இக்கட்டுரை எழுப்பும் வினா.

விளையாட்டை இகழ்வது நம் கருத்தன்று. ஒரு துடுப்பாட்டமே ஓர் அதிபரின் உயிருக்கு விலையாகிய மண் இது என்பதைப் பின்னர்க் காண்போம்.

ஆண்டு மலர்களையும் நூற்றாண்டு மலர்களையும் ஊன்றிப் படிப்போர்க்கு ஓர் அமைப்பு விரைவிலே புலப்படும். ஸ்தாபகர் படம், ஆசிச் செய்திகள், அதிபர் வரிசை, பின்னர்க் கல்லூரி ஈன்ற நீதியரசர், பேராசிரியர், சிவில் சேவையாளர், வைத்திய நிபுணர். 1983 தொடக்கம் 2009 வரையான காலப்பகுதிக்கு வந்ததும் எழுத்தாளர் பேனா தயங்குகின்றது. 'நாட்டில் நிலவிய அசாதாரண சூழ்நிலை காரணமாக' என்றொரு சொற்றொடர் வந்து அமர்ந்து, இருபத்தாறு ஆண்டுகளைத் தன் கீழ் மறைத்துக்கொள்கின்றது. அடுத்த பக்கத்திலே ரொறன்ரோக் கிளையும் இலண்டன் கிளையும் கட்டித்தந்த மண்டபத்தின் படம் இருக்கும். அம்மண்டபம் வேண்டற்பாலதே. ஆயினும் உத்தியோகமும் குடிபெயர்வுமே கல்வியின் விளைபயன் என்று கருதிவந்த நம் மத்தியதர வர்க்கத்தின் மதிப்பீடு, போர்க்கால வரலாற்றையும் அந்த அளவுகோலாலேயே அளக்கின்றது என்பதை மறைக்கவியலாது.

பிறர் இவ்வாறு இருந்திலர். முதலாம் உலகப் போரில் மடிந்த தன் பழைய மாணவர் 1,157 பேரின் பெயர்களை இங்கிலாந்தின் ஈட்டன் கல்லூரி பொறித்து வைத்தது. உயிருடன் மீண்டோரையும் சேர்த்துத் தனி நூலே வெளியிட்டது. நம் நாட்டிலும், 1918 இல் பிரான்சிலே வீழ்ந்து விக்ரோறியாச் சிலுவை பெற்ற பசில் ஹோஸ்ஃபோல் கொழும்பு சென். தோமஸ் கல்லூரியினாலும், சொம் போர்க்களத்திலே காயமுற்று மீண்டு பின்னர்ப் பொலிஸ் மா அதிபரான றிச்சர்ட் அலுவிகார கண்டி திரித்துவக் கல்லூரியினாலும் மறக்கப்படவில்லை. பேரரசொன்றின் போரிலே பங்குகொண்டதைப் பெருமையாகக் கருதிய மனப்பான்மை நமக்கு உடன்பாடன்று. ஆனால் பெயரைப் பேணும் ஒழுக்கம் அப்பேரரசுக்கு மட்டும் உரியதோ?

போர்க்காலப் பணி என்றவுடன் துப்பாக்கியை மட்டும் நினைப்பது முதற் பிழை. ஹாட்லிக் கல்லூரியின் பழைய மாணவர் பேராசிரியர் அழகையா துரைராசா கேம்பிரிட்ஜிலே ஆய்வு செய்து, மண்பொறியியலில் உலகறிந்த பெயர் பெற்றவர். எந்நாட்டிலும் வாழ்ந்திருக்கக்கூடிய அவர், 1988 இல் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத் துணைவேந்தர் பொறுப்பை ஏற்று, குண்டுவீச்சும் பொருளாதாரத் தடையும் நிலவிய ஆண்டுகளில் அதனை மூடவிடாது காத்து, 1994 இல் மறைந்தார். மிதிவண்டியிலே பணிக்குச் சென்ற துணைவேந்தர் என்று இன்றும் மக்கள் அவரைச் சுட்டுவர். அவர் கற்ற ஹாட்லியின் நூலகமும் ஆய்வுகூடமும் 1984 செப்டெம்பரில் தீக்கிரையாக்கப்பட்டவை என்பதையும் உடன்வைத்து நோக்குதல் தகும்.

துரைராசாவுக்கேனும் பதவி இருந்தது. ஆகவே பெயர் நின்றது. 1987 ஒக்டோபர் 21, 22 ஆந் திகதிகளில் யாழ்ப்பாணப் போதனா வைத்தியசாலையினுள் இந்திய அமைதி காக்கும் படையினர் சுட்டபோது எழுபதளவினர் மாண்டனர். முதல் நாள் தீபாவளித் திருநாள். வைத்தியகலாநிதிகள் ஏ. சிவபாதசுந்தரம், கே. பரிமேலழகர், எம். கே. கணேசரத்தினம் ஆகியோரின் பெயர்களைக் கற்றோர் அறிவர். அவர்களோடு வீழ்ந்த தாதியர், சிற்றூழியர் எந்தப் பாடசாலையின் வாங்கிலிருந்து வந்தனர் என்பதனைச் சொல்லும் மலரை நாம் கண்டதில்லை. ஜாம் போத்தல் விளக்கொளியிலே சம்பளமின்றி உயர்தர வகுப்பு நடத்திய தொண்டர் ஆசிரியர், கிளாலிக் கடலிலே இரவில் மாணவரையும் நோயாளரையும் ஏற்றி இறக்கிய படகோட்டி, 1995 ஒக்டோபர் 30 இன் பெருவெளியேற்றத்தில் ஊரவரின் பெயர்ப்பட்டியலைச் சுமந்து நடந்த கிராம சேவையாளர் ஆகிய யாவரும் ஏதோவொரு கல்லூரியின் பழைய மாணவரே. சாதாரண தரத்தோடு படிப்பை நிறுத்திய படகோட்டிக்குப் பழைய மாணவர் சங்கத்தில் ஆயுட்கால உறுப்புரிமை இல்லாதிருக்கலாம். சேர்விடாப்பிலே அவன் பெயர் உண்டு.

இனி, பலரும் தொட அஞ்சும் பகுதிக்கு வருவோம். சென். ஜோன்ஸ் கல்லூரி அதிபர் சி. ஈ. ஆனந்தராஜா 1985 ஜூன் 26 இல் விடுதலைப் புலிகளாற் சுட்டுக் கொல்லப்பட்டார். மாணவருக்கும் இராணுவத்தினருக்குமிடையே துடுப்பாட்டம் ஒன்றை ஒழுங்கு செய்தார் என்பது அவர்மீது சுமத்தப்பட்ட குற்றம். சென். பற்றிக்ஸ் கல்லூரியின் முன்னாள் அதிபர் பிரான்சிஸ் ஜோசப் அடிகளார் 2009 மே 18 இல் வட்டுவாகலிலே, சரணடைந்தோருடன் இராணுவத்தின் பொறுப்பிற் சென்றார். அவரை மீண்டும் கண்டவர் இலர். ஓர் அதிபரை நினைவுகூர்வோர் மற்றவரைப் பற்றி வாய்திறவார். மற்றவரைப் போற்றுவோர் முன்னவரைக் குறிப்பிடார். இரு கல்லூரிகளும் ஒரே நகரில், ஒன்றிலிருந்து மற்றதற்கு நடந்தே செல்லக்கூடிய தொலைவில் உள.

யாழ் இந்துவின் மாணவராயிருந்து மருத்துவக் கல்விக்குத் தெரிவாகிய திலீபன் 1987 செப்டெம்பர் 26 இல் நல்லூரிலே உண்ணாநோன்பிருந்து உயிர் நீத்தார். சுண்டுக்குளி மகளிர் கல்லூரியிற் கற்று, யாழ்ப்பாண மருத்துவ பீடத்தில் உடற்கூற்றியல் கற்பித்து, 'முறிந்த பனை'யைப் பிறருடன் சேர்ந்தெழுதிய ராஜினி திராணகம 1989 செப்டெம்பர் 21 இல் திருநெல்வேலியிலே சுட்டுக் கொல்லப்பட்டார். கொன்றோர் புலிகளே என்பது அவருடன் பணியாற்றியோர் கூற்று. இவ்விருவரையும் ஒரே பக்கத்தில் எழுத அஞ்சும் சமூகம் தன் வரலாற்றை எழுதத் தொடங்கவேயில்லை எனலாம்.

போராளியையும் அவனாற் கொல்லப்பட்டவரையும் ஒரே ஏட்டில் இடுவதா என்று சினப்போர் உளர். அவர்களை ஒரே ஏட்டில் இட்டவர் நாமல்லர். சேர்விடாப்பிலே அன்றே இட்டாயிற்று. கல்லூரி அவர்களை ஒரே வாங்கில் இருத்தியது. 1970களின் பிற்பகுதியில் கொல்லப்பட்ட தமிழ்ப் பொலிஸ் உத்தியோகத்தரும், சகோதர இயக்கங்கள் ஒன்றையொன்று அழித்தபோது மாண்ட இளைஞரும், கட்டாயமாகக் கொண்டுசெல்லப்பட்ட சிறாரும் அவ்வாறே ஒருகாலத்தில் வரவு கூப்பிடப்பட்டவர்கள். ஒக்ஸ்போர்ட் நியூ கல்லூரியின் ஆலயத்தில், முதலாம் உலகப் போரில் ஜேர்மனிக்காகப் போரிட்டு மடிந்த அக்கல்லூரி மாணவர் மூவருக்கு 1930 இல் நினைவுக்கல் வைக்கப்பட்டது. எதிரிப் படையிற் சேர்ந்தோரும் எம் மாணவரே என்று ஒரு கல்லூரி சொல்லக்கூடுமாயின், ஒரே மொழி பேசி ஒரே மணியோசைக்கு எழுந்தவர்களைப் பற்றி நாம் சொல்லவியலாதா?

நாம் வேண்டுவது வீரர் பட்டியலன்று என்பதை அழுத்திக் கூற வேண்டும். மாவீரர், தியாகி, துரோகி ஆகிய மூன்று சொற்களையும் விலக்கிய பதிவேட்டையே வேண்டுகின்றோம். இவற்றுள் மூன்றாவது சொல் இம்மண்ணிற் செய்த கேட்டினை அளவிட இன்னொரு கட்டுரை வேண்டும்.

முஸ்லிம் மாணவரை இப்பதிவேட்டில் மறந்துவிடல் எளிது. ஆகவே தனித்துக் குறிப்பிடுகின்றோம். 1990 ஒக்டோபர் 30 இல் யாழ்ப்பாண முஸ்லிம்கள் இரண்டு மணி நேர அவகாசத்தில் புலிகளால் வெளியேற்றப்பட்டனர். ஒஸ்மானியாக் கல்லூரி, கதீஜா மகளிர் கல்லூரி மாணவரின் படிப்பு அன்று பாதியில் அறுந்தது. இலங்கைச் சிவில் சேவையிற் சேர்ந்த முதல் முஸ்லிமான ஏ. எம். ஏ. அஸீஸ் யாழ் இந்துவின் பழைய மாணவர் என்று பெருமை பேசும் நாம், 1990 இல் வகுப்பறையில் வெறுமையாகிய இருக்கைகளை எண்ணிப் பார்க்கவும் கடமைப்பட்டுள்ளோம்.

காலம் கனியட்டும், ஆறிய புண்ணைக் கிளறாதீர் என்பார்க்கு விடை செம்மணியில் உளது. 1996 செப்டெம்பர் 7 இல் உயர்தரப் பரீட்சை எழுதி மீண்ட சுண்டுக்குளி மாணவி கிருஷாந்தி குமாரசுவாமி இராணுவக் காவலரணிலே மறிக்கப்பட்டு, வன்புணரப்பட்டுக் கொல்லப்பட்டார். தேடிச் சென்ற தாயும் தம்பியும் அயலவரும் கொல்லப்பட்டனர். அவ்வழக்கிலே தண்டிக்கப்பட்ட படையாள் ஒருவர் சொன்னதனாலேயே செம்மணிப் புதைகுழிகளை உலகம் அறிந்தது. 2025 இல் செம்மணிச் சித்துப்பாத்தி மயானத்திலே இருநூறுக்கு மேற்பட்ட எலும்புக்கூடுகள் வெளிப்பட்டன. சிறு பிள்ளையின் எலும்புகளோடு நீலநிறப் புத்தகப்பை ஒன்றும் இருந்தது. அப்பிள்ளைக்கு ஒரு பாடசாலை இருந்திருக்கும், வகுப்பாசிரியரும் இருந்திருப்பார். எந்த நாளிலிருந்து எந்தப் பிள்ளை வரவில்லை என்ற குறிப்பு எந்த அலுமாரியிற் கறையானுக்கு இரையாகின்றது? ஆறியது யாருடைய புண்?

கல் நாட்டினாற் போதாதா என்பர் வேறு சிலர். கல்லின் கதியை இப்பல்கலைக்கழகச் சமூகம் அறியும். கோப்பாய்த் துயிலும் இல்லம் இடிக்கப்பட்டு அவ்விடத்தே 2011 இல் படைத் தலைமையகம் எழுந்தது. யாழ்ப்பாணப் பல்கலைக்கழக வளாகத்து முள்ளிவாய்க்கால் நினைவுத்தூபி 2021 ஜனவரி 8 ஆம் திகதி இரவில் தகர்க்கப்பட்டு, மாணவர் போராட்டத்தின் பின்னரே மீண்டும் கட்டப்பட்டது. 1981 இல் எரிந்த பொது நூலகத்தில் 97,000 அளவிலான நூல்கள் அழிந்தமைக்கும் ஒரு காரணம், அவற்றுட் பலவற்றுக்கு வேறு பிரதி இன்மையே. ஆதலின் பதிவேடு அச்சாகி, ஆயிரம் வீடுகளிலும் கடல் கடந்த கிளைகளிலும் இருத்தல் வேண்டும். புலம்பெயர்ந்த சங்கங்களின் பணத்துக்கு மண்டபத்தினும் மேலான செலவு இது.

அரச பாடசாலை அதிபர் இதனைச் செய்யத் துணியார். அவர் பதவியும் இடமாற்றமும் பிறர் கையில் உள. 1979 இன் பயங்கரவாதத் தடைச் சட்டத்தின் நிழலிலே பெயர் எழுதுவதே குற்றமாகக் கருதப்பட்ட காலத்தை அறிந்தவர் அவர். அவரைக் குறை கூறோம். ஆனால் பழைய மாணவர் சங்கங்களுக்கு அத்தடை இல்லை; பல்கலைக்கழக மாணவராகிய நமக்கும் இல்லை. 1970 தொடக்கம் 2009 வரையான சேர்விடாப்புகளை ஆண்டு வாரியாகப் பிரதி செய்க. பெயர், சேர்ந்த ஆண்டு, விலகிய ஆண்டு, போர்க்காலத்திற் செய்த தொழில் அல்லது பணி, நேர்ந்தது யாது, சொன்னவர் யார் என ஆறு நிரல்கள் போதும். நேர்ந்ததை உறவினர் இருவிதமாகக் கூறின் இரண்டையும் எழுதுக. வெளியிட விரும்பாத குடும்பத்தின் பெயரை அச்சிடாது கையெழுத்துப் பிரதியில் மட்டும் வைத்திருக்க. 1985 இல் பத்தாம் வகுப்பிற் கற்பித்த ஆசிரியர்க்கு இன்று அகவை எழுபதுக்கு மேல். முதலில் அவர்கள் வீட்டுக் கதவைத் தட்டவேண்டும். அடுத்த விடுமுறையில் ஊர் செல்லும் இச்சங்க உறுப்பினர் ஒவ்வொருவரும் தத்தம் பாடசாலையின் ஓராண்டு இடாப்பை எடுத்தால், அடுத்த இதழ் வெளிவருமுன் தொடக்கம் கைவசமாகும்.