ஒரு சொல்லும் பல பொருளும்

ஆங்கிலத்திலே கடினமான சொற்கள் யாவை என்று எம் மாணவரை வினவினால், அவர்கள் நீண்ட சொற்களையே எடுத்துக்காட்டுவர். யாம் அவ்வாறு கருதுகின்றிலேம். நீண்ட சொல்லுக்குப் பெரும்பாலும் ஒரு பொருளே உண்டு; அகராதியை ஒருமுறை விரித்தால் இடர் தீர்ந்துவிடும். மாணவனை உண்மையில் இடறச் செய்வன, கீழ்வகுப்பிலேயே அறிந்துவிட்டதாக அவன் எண்ணியிருக்கும் சின்னஞ்சிறு சொற்களேயாம். அவற்றுள் ஒன்றாகிய ‘செற்’ என்பதனை ஈண்டு எடுத்துக்கொள்வோம்.

1884 ஆம் ஆண்டு தொடங்கிப் பகுதி பகுதியாக வெளிவந்து 1928 இல் நிறைவெய்திய ஒக்ஸ்போட் ஆங்கில அகராதியின் இரண்டாம் பதிப்பு, 1989 இல் 20 பெருந் தொகுதிகளாக வெளியாயிற்று. அப்பதிப்பிலே மிக நீண்ட விளக்கம் பெற்றது இவ்வினைச் சொல்லே. அதற்குக் கூறப்பட்ட பொருள்கள் 430 இற்கு மேற்பட்டவை. அவற்றை விளக்க ஏறத்தாழ 60,000 சொற்கள் வேண்டியிருந்தன. பின்னர் நிகழ்ந்த திருத்தங்களின்போது, 2011 இல் ‘றண்’ என்னும் வினை 645 பொருள்களோடு முதலிடத்தை அடைந்தது. ஓட்டத்தைக் குறிக்குஞ் சொல் முந்திக்கொண்டதில் வியப்பில்லை.

இத்துணைப் பொருள்களைக் கண்டு, ‘இஃது ஒழுங்கற்ற மொழி’ என்று சலித்துக்கொள்வார் சிலர். அவர் கூற்றுப் பொருந்தாது. ‘செற்’ என்பது ‘சிற்’ என்னும் வினையின் பிறவினையாய்ப் பழங்காலத்திலே பிறந்தது. இருந்தான் என்பதற்கு இருத்தினான் எவ்வாறோ, சிற் என்பதற்குச் செற் அவ்வாறு. இந்த வேரை அறிந்தவனுக்குப் பல பொருள்கள் தாமே விளங்கும். பொன்னிலே மணியை இருத்துவதும், முறிந்த என்பை அதன் இடத்திலே இருத்துவதும், சீமெந்து இறுகி நிலைத்துவிடுவதும், ஞாயிறு மேற்றிசையிலே தாழ்ந்து அமர்வதும் ஒரே வேரிலிருந்து கிளைத்த கிளைகளேயல்லவா?

எம்முடைய ‘வை’ என்னும் வினையை இதன் அருகிலே நிறுத்திப் பாருங்கள். தீ வைக்கிறோம், பொறி வைக்கிறோம், விலை வைக்கிறோம், சோதனை வைக்கிறோம், கோழியை அடை வைக்கிறோம். இவ்வைந்து இடங்களிலும் ஆங்கிலேயன் செற் என்றே கூறுவான். ஆயினும், இரு சொற்களும் இறுதிவரை உடன் செல்வதில்லை. நாம் கறி வைக்கிறோம். அங்கே செற் வாராது. அவர்க்கு ஞாயிறு ‘செற்’ ஆகின்றது. இங்கே ‘வை’ வாராது. இரு வழிகளும் எங்கே பிரிகின்றன என்று அறிவதே மொழிப் பயிற்சி. அதை அறியாமையால், முறிந்த கையை வைத்தியர் பொருத்திக் கட்டினார் என்னுங் கருத்துடைய ஆங்கில வாக்கியத்தை, ‘வைத்தியர் கையை வைத்தார்’ என்று மொழிபெயர்த்த மாணவன் ஒருவனை யாம் அறிவோம். அவன் சொல்லுக்குப் பொருள் அறிந்திருந்தான். வாக்கியத்துக்குப் பொருள் அறிந்திலன்.

இன்னொரு சாரார், ஓர் ஆங்கிலச் சொல்லுக்குத் தமிழிலே பல சொற்கள் வேண்டியிருத்தல் தமிழின் குறை என்பர். அது குறையன்று, தெளிவேயாம். கூட்டம் என்னும் பொருளில் வழங்கும் ‘செற்’ ஓரளவு இலத்தீன் மொழி வழியாக வந்து, முன்னைய சொல்லோடு ஒன்றாய்க் கலந்தது. கணிதத்தில் அதனை நாம் ‘தொடை’ என்கிறோம். தமிழகத்தார் ‘கணம்’ என்பர். தொடை என்றவுடன் கீழ்வகுப்பு மாணவர் தம் காலைப் பார்த்து நகைப்பதுண்டு. தொடுக்கப்பட்ட மாலையும் தொடை, செய்யுளில் மோனையும் எதுகையும் தொடை என்பதை ஆசிரியர் ஒருமுறை எடுத்துரைப்பாராயின், அந்நகைப்பே நல்ல பாடத்துக்குத் தோற்றுவாயாகும்.

இத்தகைய சொற்களைப் பொருள்கொள்ளும் முறையை வேற்றுநாட்டாரிடம் சென்று கற்க வேண்டுவதில்லை. பலபொருள் ஒருசொல்லின் பொருளை அதனோடு வரும் வினையாலும் இனத்தாலும் சார்பாலும் தெளியலாம் என்பது தொல்காப்பியர் வகுத்த நெறி. மா பூத்தது என்றால் மரம். மா ஓடிற்று என்றால் விலங்கு. அந்நெறி ஆங்கிலத்துக்கும் பொருந்தும். ரெனிஸ் ஆட்டத்தைப் பற்றிய வாக்கியத்திலே செற் என்ன, அச்சுக்கூடத்தைப் பற்றிய வாக்கியத்திலே செற் என்ன என்பதைச் சார்பே உணர்த்திவிடும்.

ஆகவே, ஒரு சொல் ஒரு பொருள் என்று அட்டவணையிட்டு நெட்டுருப் பண்ணுவிக்கும் வழக்கத்தைக் கைவிடல் வேண்டுமென்பது எம் துணிபு. பரீட்சை நெருங்குகையில் வேறு வழி யாது என ஆசிரியர் வினவலாம். எம் முன்னோரும் சூடாமணி நிகண்டின் பதினோராந் தொகுதியை மனனஞ் செய்தவரல்லரோ என்றும் வினவலாம். செய்தனர், உண்மை. ஆனால் அவர் நிகண்டோடு நின்றாரல்லர். கற்ற சொல்லைப் புராணத்திலும் இதிகாசத்திலும் மீண்டும் மீண்டும் சந்தித்தனர். எம் மாணவரோ அட்டவணையைக் கற்று, நூலை விட்டுவிடுகின்றனர்.

ஒவ்வொரு வகுப்பிலும் ஒரு நல்ல அகராதி மேசைமீது இருக்கட்டும். மாணவன் ஒரு தவணையிலே சிறு சொற்கள் பத்தினை மட்டும் தேர்ந்து, தான் வாசித்த வாக்கியங்களோடு தன் கொப்பியிலே எழுதி, அருகே தமிழ் வழக்கையும் எழுதுவானாக. பழைய மாணவராகிய நாம் அகராதிகளையும் வாசிப்பு நூல்களையும் நூலகத்துக்கு வழங்கி இம்முயற்சிக்குத் துணைநிற்றல் கூடும். விழா ஆண்டிலே எழுப்பும் கட்டடங்கள் கல்லூரிக்கு அழகு தருவன. நூலை விரித்துத் தானே பொருள் காணும் மாணவனோ கல்லூரிக்கு உயிர் தருவான்.