கேமரா வாங்குங்க, பிரிண்ட்டுக்கும் காசு எடுத்து வைங்க

கோடாக் கம்பெனி அமெரிக்காவுல திவால் மனு கொடுத்த சேதியைப் பேப்பர்ல பார்த்திருப்பீங்க. 2012 ஜனவரி 19. எங்க ஊர் டீக்கடையில அதை யாரும் சட்டை பண்ணல. தானே புயல் அடிச்சு மூணு வாரம்கூட ஆகாத நேரம். கரண்ட் எப்ப வரும், விழுந்த முந்திரிக்குக் கணக்கெடுக்க யார் வர்றாங்க, அதுதான் பேச்சு.

எனக்கு மட்டும் ரெண்டு சேதியும் ஒட்டிக்கிட்டே நிக்குது. டிசம்பர் 30 காலையில அடிச்ச காத்துல ஓடு பறந்த வீடுகள்ல நனைஞ்சு போனது நெல் மூட்டை மட்டும் இல்லைங்க. பரண் மேல டிரங்குப் பெட்டியில இருந்த கல்யாண ஆல்பமும்தான். புயலுக்கு அப்புறம் எங்க கருவேப்பிலங்குறிச்சிப் பக்கம் நாலைஞ்சு பேர் "விலை கம்மியா ஒரு டிஜிட்டல் கேமரா சொல்லுப்பா"ன்னு என்கிட்ட கேட்டுட்டாங்க. நான் போன வருசம் ஒண்ணு வாங்கி, வயக்காட்டுல போட்டு அடிச்சுக்கிட்டு இருக்கேன். அதனால கேக்கறாங்க.

என் பதில் இதுதான்: டிஜிட்டலே வாங்குங்க, ஆனா பிலிமுக்கு அழுத காசுல பாதியையாவது பிரிண்ட் போட ஒதுக்கி வைங்க. இதுல ரெண்டாவது பாதி பட்டணத்துல இருக்குற உங்களுக்கும் சேர்த்துத்தான்.

முதல்ல பழைய கணக்கு. என்கிட்ட இருந்தது கோடாக் கேபி10. ரோல் ஒண்ணு 36 படம். இருட்டுல சிக்கனமா மாட்டத் தெரிஞ்சவங்க 37, 38 கூட எடுப்பாங்க, அது ஒரு தனி வித்தை! ரோல் நூறு ரூபாய்க்குப் பக்கம், கழுவக் கூலி தனி, பிரிண்ட் ஒண்ணு நாலு ரூபா. எல்லாம் சேர்த்தா ஒரு படம் ஏழு ரூபாய்க்குக் குறையாது. ரோல் முடிஞ்சு ஸ்டுடியோவுக்குப் போனா ஆண் ஆள் நாலு பேருக்குக் கொடுக்குற கூலி போயிடும். அதனால பொங்கலுக்கு மாட்டுன ரோல், விருத்தாசலம் மாசி மகத் தேரைப் பார்த்து, ஒரு காதுகுத்தைப் பார்த்து, ஆடிப்பெருக்குக்குத்தான் கழுவ வரும். மாடு கன்னு போட்டாக்கூட "பிலிம் வீணாவும், விடு"ன்னு சொல்ற வீடு அது.

பிலிமைக் கொண்டாடி எழுதறவங்க இந்தக் கணக்கைச் சொல்றதே இல்ல. அந்தக் காலத்துல ஒவ்வொரு படத்தையும் யோசிச்சு எடுத்தாங்களாம். யோசிச்சாங்க, உண்மைதான். அதுல முக்காவாசி யோசனை காசைப் பத்தித்தான்.

நம்ம நாட்டுலயும் பிலிம் செஞ்சாங்க, தெரியுமா? ஊட்டியில இந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ், மத்திய அரசு ஆலை. 1960ல ஆரம்பிச்சு 1967ல உற்பத்தி தொடங்கினாங்க. 'இந்து'ங்கற பேர்ல கறுப்பு வெள்ளை பிலிம், ஆஸ்பத்திரிக்கு எக்ஸ்ரே பிலிம் எல்லாம் அங்கிருந்து வந்துச்சு. கலர் பிலிம் ஊரெல்லாம் பரவின பிறகு 90கள்லயே நலிஞ்ச ஆலைன்னு ஆகிப்போச்சு. இந்தப் பக்கம் கோடாக் கதை இன்னும் வேடிக்கை. உலகத்தோட முதல் டிஜிட்டல் கேமராவைச் செஞ்சதே அந்தக் கம்பெனி எஞ்சினியர் ஸ்டீவன் சாசன்தான். 1975ல! மூணரைக் கிலோ எடை, ஒரு படத்தைக் கேசட்டுல பதிய 23 வினாடி, படத்துல மொத்தமே 10,000 புள்ளி. இப்போ நான் வெச்சிருக்கற பொட்டிக்கடை சோப்பு டப்பா சைஸ் கேமராவுல ஒரு கோடிப் புள்ளி. பத்து மெகாபிக்சல்ங்கறது அதுதான்.

சரி, கடைக்குப் போவோம்.

நெய்வேலி, கடலூர்னு ரெண்டு மூணு கடை ஏறி இறங்கினேன். எங்க போனாலும் முதல் வார்த்தை மெகாபிக்சல்தான். "சார், இது 14, அது 10, ரெண்டாயிரம்தான் வித்தியாசம்." அந்த ரெண்டாயிரத்தைக் கொடுக்காதீங்க. ஆல்பத்துல ஒட்டுற நாலுக்கு ஆறு பிரிண்ட் சுத்தமா வர ரெண்டு மெகாபிக்சலே போதும். சுவத்துல மாட்டுற மாதிரி பேப்பர் சைஸுக்குப் பெருசாக்கினாலும் ஒன்பதுக்குள்ள முடிஞ்சுடும். ஜூம்ல 'ஆப்டிகல்' எவ்வளவுன்னு மட்டும் கேளுங்க. 'டிஜிட்டல் ஜூம்'ங்கறது இருக்கற படத்தையே வெட்டிப் பெருசாக்கறது, அதைக் கடையில கம்ப்யூட்டர் பையனே செஞ்சு கொடுப்பான்.

கிராமத்துக்கு முக்கியம் பேட்டரி. கேனான் பவர்ஷாட் ஏ490 மாதிரி, அப்ப ஐயாயிரத்து சொச்சத்துல கிடைச்சதுல, ரேடியோவுக்குப் போடற சின்ன பேட்டரி கட்டை ரெண்டு போடலாம். கொஞ்சம் காசு கூடப் போட்டா மெலிசா, பளபளன்னு, தனக்குன்னு ஒரு தட்டை பேட்டரியோட வரும். பார்க்க அழகுதான். புயலுக்கு அப்புறம் வாரக்கணக்குல கரண்ட் இல்லாத ஊர்ல அதை எங்க சார்ஜ் போடுவீங்க? புயல் இல்லாத நாள்லயே அப்ப எங்களுக்குக் கரண்ட் எந்த நேரம் இருக்கும்னு ஜோசியம் பார்க்க வேண்டியிருந்துச்சு. சார்ஜ் ஏத்துற கட்டை ரெண்டு ஜோடி வாங்கி வெச்சுக்கிட்டா போதும். அது தீர்ந்தா அல்கலைன் கட்டை. பொட்டிக்கடையில விக்கிற சாதாக் கட்டை வேணாம், பத்துப் படம் எடுக்கறதுக்குள்ள 'பேட்டரி மாத்து'ன்னு சிவப்பு விளக்குக் காட்டும். டார்ச்சுக்கு ஓடும், கேமரா இழுக்கற இழுப்புக்கு அது தாங்காது.

குறையும் சொல்லணும். உச்சி வெயில்ல வெள்ளை வேட்டியை எடுத்தா வெறும் வெள்ளையா வெளுத்துப் போகுது, மடிப்பே தெரியல. கலர் பிலிம் அந்த வெயிலைத் தாங்கும், வெளிச்சம் கொஞ்சம் கூடுனாலும் விவரம் நெகட்டிவ்ல இருக்கும், ஸ்டுடியோக்காரர் சரி பண்ணிடுவார். விருத்தாசலத்துல பீங்கான் பட்டறை வெச்சிருக்கற தோழர் ஒருத்தரும் இதையேதான் புலம்பினார், வெள்ளைக் கிண்ணத்தை எடுத்தா வெளிச்ச உருண்டையா வருதுன்னு. கேமராவுல பிளஸ், மைனஸ்னு ஒரு அளவு இருக்கும், அதை மைனஸ் பக்கம் ரெண்டு படி தள்ளுங்கன்னு சொன்னேன். இப்ப மாதிரிச் சாமானை வைக்கோல்ல சுத்தித் தூக்கிட்டுப் போகாம வியாபாரிக்குப் படத்தை அனுப்புறார்.

இன்னொண்ணு, பட்டனை அமுக்குனதுக்கும் படம் விழறதுக்கும் நடுவுல ஒரு மூச்சு விடுற நேரம் ஆகுது. துள்ளுற கன்னுக்குட்டியை எடுத்தா வால்தான் கிடைக்கும். வெயில்ல பின்னாடி இருக்கற திரையும் தெரியாது. துண்டைத் தலையில போட்டுக்கிட்டுப் பார்க்கறேன், அந்தக் காலத்து ஸ்டுடியோக்காரர் மாதிரி.

இத்தனையும் போனாப் போவுதுன்னு விடலாம், பூ படம் போட்ட அந்த ஒரு பட்டனுக்காக. என் கேபி10ல நாலடி தள்ளி நின்னாத்தான் படம் தெளியும். வேர்க்கடலைச் செடியில டிக்கா இலைப்புள்ளி வந்தா அதுல என்னத்தை எடுக்க? இந்தக் கேமராவுல பூ பட்டனை அமுக்கிட்டு இலைக்கு நாலு விரக்கடை பக்கத்துல கொண்டு போகலாம். புள்ளியைச் சுத்தி மஞ்சள் வளையம் இருக்கா இல்லையான்னுகூடத் தெரியுது. விருத்தாசலம் ஆராய்ச்சி நிலையத்துக்கு வாடிப்போன இலையைப் பொட்டலம் கட்டி எடுத்துட்டுப் போறதைவிட, காலையில எடுத்த படத்தைக் காட்டினா அங்க இருக்கறவங்க பத்து நிமிசத்துல மருந்து சொல்லிடறாங்க. கடையில கண்ட மருந்தை வாங்கி அடிக்கறது மிச்சம். ஒரு தெளிப்புக் காசுல கால்வாசிக் கேமரா வந்துடும். புயல்ல விழுந்த மரத்தையும் அப்படித்தான் எடுத்தேன், தேதி விழற மாதிரி வெச்சு. மரத்தை அறுத்து நகர்த்துனாத்தான் அடுத்த வேலை நடக்கும், கணக்கெடுக்க வர்றவங்களுக்குக் காட்ட ஒரு பிடி வேணும்ல.

இதுவரைக்கும் டிஜிட்டல் கட்சி. இனிமே பேசப்போறது காகிதத்தைப் பத்தி.

போன வருசப் பொங்கலுக்குப் பக்கத்து வீட்டு ஆயாவோட பேரன், பேத்தி எல்லாரும் சென்னையிலேருந்து வந்திருந்தாங்க. ஆளுக்கொரு கேமரா. ஆயா கோலம் போடறது, ஆயா அடுப்பூதறது, ஆயா ஆட்டுக்குட்டியைத் தூக்கிட்டு நிக்கறதுன்னு நானூறு படமாவது இருக்கும். ஒவ்வொண்ணையும் அந்தச் சின்னத் திரையில காட்டினாங்க, அதுவும் மொகத்தை மூணு அங்குலத்துல பார்த்துட்டுச் சிரிச்சுது. மறுநாள் எல்லாரும் பஸ் ஏறிட்டாங்க, படமும் கூடவே போயிடுச்சு. ஆடி மாசத்துல ஒரு நாள் என்னைக் கூப்பிட்டு, "தம்பி, அந்தப் புள்ளைங்க புடிச்ச போட்டோவைக் கழுவிட்டாங்களாமா?"ன்னு கேட்டுது. நான் என்னத்தைச் சொல்ல?

கார்த்திகையில ஆயா போயிடுச்சு. கருமாதிப் பத்திரிகைக்கும் வாசல்ல கட்டுற பேனருக்கும் படம் வேணும். ஆளாளுக்குப் போன்ல தேடுறாங்க. ஒருத்தன் கார்டு அழிஞ்சுடுச்சு, ஒருத்தன் கம்ப்யூட்டரு பழுது, இன்னொருத்தன் "எங்கேயோ சிடியில போட்டு வெச்சேன், ஆபீஸ்ல இருக்கு"ங்கறான். கடைசியில வாக்காளர் அட்டையில இருந்த படத்தைத்தான் பெருசு பண்ணினாங்க. அந்த அட்டைப் படம் எப்படி இருக்கும்னு உங்களுக்குச் சொல்லணுமா? நானூறு தடவை சிரிச்ச கிழவி, அந்தப் பேனர்ல யாரோ மிரட்டுன மாதிரி முழிச்சுக்கிட்டு இருந்துச்சு.

பிலிம் காலத்துல இப்படி நடந்திருக்காது. அப்ப இருந்தவங்க பாசக்காரங்க, இப்ப இருக்கறவங்க மோசம்னு சொல்ல வரல. ரோலைக் கழுவாம படத்தைப் பார்க்கவே முடியாது, கழுவினா கூடவே பிரிண்ட் வரும், வந்ததுல ரெண்டைத் தபால்ல ஊருக்கு அனுப்பாம இருந்தா மரியாதையா இருக்காது. அந்தக் கருவியோட அமைப்பே படத்தைக் காகிதமா வீட்டுக்குள்ள கொண்டு வந்து போட்டுடும். டிஜிட்டல்ல அந்தக் கட்டாயம் கிடையாது. நாமதான் கிளம்பிப் போய்ப் பிரிண்ட் போடணும்.

காகிதமும் நனையும், கிழியும், கரையான் அரிக்கும். புயல் அதைக் காட்டிடுச்சு. ஆனா நனைஞ்ச ஆல்பம் அப்படியே போனதுன்னு தூக்கிப் போடாதீங்க. ஒட்டிக்கிட்ட படத்தைக் காயவிட்டுப் பிச்சாத்தான் முகம் உரிஞ்சு வரும். நல்ல தண்ணியில ஊறவெச்சு மெதுவாப் பிரிச்சு, துணி காயப்போடற கொடியில கிளிப் மாட்டி நிழல்ல தொங்கவிட்டா நிறையப் படம் பிழைக்கும். எங்க தெருவுல ரெண்டு வீட்டு ஆல்பத்தை அப்படித்தான் மீட்டோம். நெகட்டிவ் இருந்தா அதையும் அதே மாதிரி. படம் ஒரு இடத்துல மட்டும் இல்லாம பெரியப்பா வீட்டுல ஒண்ணு, சித்தி வீட்டுல ஒண்ணுன்னு இருந்தவங்களுக்குக் கவலையே இல்ல, போய் எடுத்துட்டு வந்தாங்க.

நாலு ஜிபி கார்டுல ஆயிரம் படத்துக்கு மேல பிடிக்கும். ஆயிரத்தையும் யாரும் பிரிண்ட் போடச் சொல்லல. ஊருக்கு வந்துட்டுத் திரும்பும்போது விருத்தாசலத்துல பஸ் மாறுவீங்கல்ல, அங்க ஸ்டுடியோவுல கார்டைக் கொடுத்து பத்தே பத்துப் போடுங்க. ஒரு டீ, ஒரு வடைக் காசுக்கு ஒரு படம். இருக்கற பெருசுங்க ஒவ்வொருத்தருக்கும் நேரா முகம் தெரியற மாதிரி ஒண்ணு, அவங்களுக்குப் பிடிச்ச மாதிரி ஒண்ணு. பின்பக்கம் யாரு, எந்த வருசம்னு எழுதுங்க. பால்பாயிண்ட்ல அழுத்தி எழுதினா முன்பக்கம் தடம் விழும், பென்சில்ல லேசா எழுதுங்க. அடுத்த பஸ்ஸுல ஊர்க்காரங்க யாராவது வருவாங்க, கண்டக்டர்கிட்ட கேட்டாலே தெரியும், கொடுத்து அனுப்புங்க.