காலுக்கு ஏற்ற பூட்ஸ்

கோல்ப், ஸ்காட்லாந்தில் வளர்ந்த ஆட்டம். அங்குள்ள செயின்ட் ஆண்ட்ரூஸ் மைதானத்தில் 1764-ம் ஆண்டு 18 குழிகள் என்று ஏற்பட்டது. பிறகு அதுவே உலக வழக்கமாயிற்று. 18 குழிகளையும் ஆடி முடிக்க ஆறு முதல் எட்டு கிலோ மீட்டர் வரை நடக்க வேண்டும். அதுவும் மேடு பள்ளத்தில், ஈரப் புல்லில்!

மட்டையை வீசும்போது உடலின் பாரம் ஒரு காலிலிருந்து மறு காலுக்கு மாறுகிறது. அப்போது வழுக்கினால் பந்து மட்டுமா தவறும்? கணுக்காலும் சுளுக்கிக்கொள்ளும். எனவே, பளபளப்பைப் பார்த்துப் பூட்ஸ் வாங்கக் கூடாது. காலைப் பார்த்து வாங்க வேண்டும்.

மாலையில் கால் சற்றுப் பருத்திருக்கும். அளவு பார்க்க அதுவே நல்ல நேரம். காலுறையோடு இரு கால்களிலும் மாட்டி, நடந்து பார்க்க வேண்டும். விரல்களுக்கு முன்னால் சிறிது இடம் வேண்டும். குதிகால் நழுவக் கூடாது. அடிப்பாகம் புல்லைப் பற்ற வேண்டும். முன்பு அதற்கு இரும்பு முட்கள் இருந்தன. அவை புல் தரையைக் கிழித்தன. 1990-களிலிருந்து பிளாஸ்டிக் முட்கள் பரவின. அவை தேய்ந்தால் மாற்றிவிட வேண்டும்.

வாங்குவதோடு வேலை தீராது. நனைந்த தோலை வெயிலிலோ அடுப்பருகிலோ வைத்தால் விறைத்து வெடித்துவிடும். கொடுத்த பணம் வீண். மண்ணைத் துடைத்து, உள்ளே பழைய பத்திரிகைத் தாளைத் திணித்து, நிழலில் உலர்த்த வேண்டும். நன்றாகக் காய்ந்த பிறகே பாலிஷ் போட வேண்டும்.

கோல்ப் ஆடுவோர் சிலரே. ஆனால், பள்ளிக்கூடம் போகும் பிள்ளையின் தோல் பூட்ஸையும் இப்படித்தான் பார்த்து வாங்க வேண்டும். இப்படித்தான் பேண வேண்டும். பூட்ஸ் காலைக் காக்கும். பூட்ஸை நாம் காக்க வேண்டும்!